எதிர்சேவை ராத்திரி, பாட்டில் இல்லாத மொட்டைமாடி

மதுரையில தல்லாகுளம் பக்கம் ஒரு வீடு இருந்தா சித்திரைத் திருவிழா நேரத்துல அது சொந்தக்காரங்க எல்லாருக்கும் பொது வீடு. மீனாட்சி கல்யாணம் முடிஞ்சு, தேர் முடிஞ்சு, அழகர் மலையில இருந்து கிளம்பி மண்டகப்படி மண்டகப்படியா நின்னு வந்து மதுரை ஜனங்க அவரை எதிர்கொண்டு வரவேற்குற எதிர்சேவை நடக்குற அன்னைக்கு சாயங்காலமே மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சிவகங்கைன்னு நாலா பக்கமும் இருந்து ஆளுங்க வந்து இறங்கிடுவாங்க. அன்னைக்கு ராத்திரி யாரும் தூங்குறதில்ல, விடியக்காலம் அழகர் தங்கக்குதிரையில வைகையில இறங்குறதைப் பார்க்கப் போகணும்ல, அதுவரைக்கும் மொட்டைமாடிதான். 2020லயும் 2021லயும் கொரோனாவால அழகர் ஆத்துக்கே வரல, 2022ல மறுபடி வந்தப்ப பல வருஷமா வராத சொந்தம்கூட கிளம்பி வந்துச்சு, அதுல இருந்து சின்னது பெருசு எல்லாம் சேர்த்து 40 பேருக்குக் கொறையாது எங்க வீட்டுல.

இத்தனை பேர் கூடுற வீட்டுல ராத்திரி ஒம்பது மணிக்கு மேல என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா காணாம போவாங்க. "பெட்ரோல் போட்டுட்டு வந்துடுறேன்", "ஒரு ஃபோன் பேசிட்டு வந்துடுறேன்"னு போயி, அப்புறம் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி எட்டு பேர் வட்டமா உட்கார்ந்திருப்பாங்க. பொம்பளைங்க நாங்க கீழ அடுப்படியில நின்னு அவங்களுக்கு சுண்டலும் ஊறுகாயும் தண்ணி பாட்டிலும் மேல அனுப்பிக்கிட்டு இருப்போம். சாமி பார்க்கப் போற ராத்திரி இப்படி ரெண்டு வீடா பிரிஞ்சு கிடக்கும், இதை நான் கல்யாணமாகி வந்ததுல இருந்து பார்க்குறேன், மனசுக்குள்ள வலிக்கத்தான் செய்யும்.

மாத்தணும்னு முடிவு பண்ணினது என் கொழுந்தனாருக்காக. அவரு குடிச்சுக் குடிச்சு உடம்பு கெட்டு, ஆஸ்பத்திரியில சேர்ந்து மருந்து எடுத்து, கவுன்சிலிங் போயி, நிறுத்திட்டு வந்தாரு. வந்த வருஷத் திருவிழாவுக்கு "அண்ணி, நான் வரல, மத்தவங்க குடிக்கிற எடத்துல என்னால உட்கார முடியாது"ன்னாரு. பிறந்த வீட்டுக்கே அவரால வர முடியலைன்னா அப்புறம் எதுக்கு அந்தத் திருவிழான்னு எங்க அத்தை அழுதாங்க. (இதை எழுதுறேன்னு அவர்கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், தாராளமா எழுதுங்க அண்ணின்னாரு.)

முதல் வேலை, சொல்றது. வாட்ஸாப் குரூப்புல "இந்த வருடம் மது அருந்த அனுமதி இல்லை"ன்னு நோட்டீஸ் மாதிரி போட்டா போச்சு, எல்லாரும் யாருக்காகன்னு கண்டுபிடிச்சு அவரைத்தான் பேசுவாங்க. அதனால குரூப்புல நான் என்னென்ன இருக்குன்னு மட்டும் போட்டேன், பானகம், நீர்மோர், இஞ்சி சோடா, நுங்கு சர்பத், ஜிகர்தண்டா, பருத்திப்பால், பணியாரம், எல்லாம் மாடியிலயே, பொம்பளைங்களும் மாடியிலதான் இருப்போம், கையில எதுவும் கொண்டு வர வேணாம்னு. குடிக்கிற ஆளுங்க யாரு யாருன்னு தெரியும்ல, அவங்களுக்கு எங்க வீட்டுக்காரரு தனித்தனியா ஃபோன் போட்டு நேராவே சொல்லிட்டாரு, மாப்ள இந்த தடவை வீட்டுல வேணாம், தப்பா எடுத்துக்காதீங்கன்னு. இதை வீட்டு ஆம்பளைதான் சொல்லணும்ங்கிறது என் அபிப்பிராயம், நான் சொன்னா பொம்பளைங்க போடுற தடைன்னு ஆயிடும், அவரு சொன்னா வீட்டு முடிவு. யாரும் சண்டை போடல. ஒரு மாமா மட்டும் "அப்ப நான் சாமி பார்த்துட்டு அப்படியே ஊருக்குப் போயிடுறேன்"ன்னாரு, சரிங்க மாமான்னு விட்டுட்டோம், ஆனா வந்தாரு.

இதுல முக்கியமான ஒண்ணு, தினமும் நிறைய குடிக்கிறவங்களை "திருவிழாவுக்கு ரெண்டு நாள் நிறுத்துங்க"ன்னு சட்டுனு சொல்லக்கூடாது. உடம்பு பழகிப் போனவங்க திடீர்னு நிறுத்தினா கை நடுக்கம் வரும், சிலருக்கு ஃபிட்ஸே வரும், உயிருக்கே ஆபத்தாகலாம், அதெல்லாம் டாக்டர்கிட்ட காட்டி செய்ய வேண்டியது. நாம சொல்லலாம்னா அது இந்த வீட்டுல இந்த ராத்திரி வேணாம்ங்கிறது மட்டும்தான்.

அடுத்து என்ன குடுக்குறது. இங்கதான் நிறைய வீட்டுல கோட்டை விடுறாங்கன்னு நினைக்கிறேன், சரக்கு இல்லைன்னதும் ரெண்டு லிட்டர் கலர் பாட்டில் நாலு வாங்கி வச்சா முடிஞ்சுதுன்னு. இனிப்பு ஒரு டம்ளருக்கு மேல யாருக்கும் இறங்காது. சாயங்காலம் ஆறுல இருந்து விடியக்காலம் மூணரை வரைக்கும் உட்கார்றவங்களுக்கு உப்பும் புளிப்பும் உரைப்பும்தான் வேணும். கொழுந்தனாரே சொன்ன விஷயம் இது, தொண்டையில எரிஞ்சு இறங்குற அந்த சுருக்கு இல்லைன்னா குடிச்ச மாதிரியே இருக்காது அண்ணி, சும்மா ரோஸ் மில்க் எல்லாம் எங்களுக்கு சரிப்படாதுன்னு. அதனால இஞ்சி, சுக்கு, மிளகு, பச்சை மிளகாய், எலுமிச்சை, உப்பு, இதைச் சுத்திதான் எல்லாத்தையும் யோசிச்சோம்.

இஞ்சி சோடா எப்படின்னா, கால் கிலோ இஞ்சியை தோல் சீவி தண்ணி விட்டு அரைச்சு வடிகட்டி பத்து நிமிஷம் அசையாம வைங்க, அடியில வெள்ளையா மாவு மாதிரி படியும், அதை விட்டுட்டு மேல இருக்குற தெளிவை மட்டும் எடுங்க. இதுல மிளகுத்தூள், உப்பு, இனிப்புக்கு கொஞ்சமா நன்னாரி சர்பத், கீறின பச்சை மிளகாய் ரெண்டு. டம்ளர்ல ரெண்டு ஸ்பூன் இதை விட்டு, எலுமிச்சை அப்பப்ப பிழிஞ்சு, மேல சோடாவை உடைச்சு ஊத்தினா பொங்கிக்கிட்டு வரும் பாருங்க, குடிச்சதும் காது வரைக்கும் சூடு ஏறும். எலுமிச்சையை மொத்தமா சாயங்காலமே பிழிஞ்சு வைக்காதீங்க, நேரம் ஆக ஆக கசந்துடும். சித்திரையில எலுமிச்சை விலையும் ஏறிக் கிடக்கும், அப்ப பச்சை மாங்காயை வேக வச்சு மசிச்சு வடிகட்டி அந்த புளிப்பை வச்சுக்கலாம், அதுவும் நல்லாதான் இருக்கு. சோடாவை பக்கத்துல இருக்குற சோடா கம்பெனியில கிரேட்டாவே சொல்லி வச்சோம், கோலி சோடா, பன்னீர் சோடா ரெண்டும், காலி பாட்டிலைத் திருப்பிக் குடுக்கணும். பெருசுங்களுக்கு பொவண்டோ இல்லைன்னா கோவம் வந்துடும், விருதுநகர்ல 1916ல ஆரம்பிச்ச காளிமார்க்கோடது, எங்க பக்கம் அது இல்லாம விசேஷமே கிடையாது, அதுவும் கொஞ்சம் ஐஸ் பெட்டியில கிடந்துச்சு.

நீர்மோர்தான் வந்து இறங்கினதும் முதல்ல. செருப்பைக் கழட்டினதும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள கையில டம்ளர் இருக்கணும், இது நான் கண்ணால பார்த்து சொல்றது, கை காலியா நிக்கிற ஆளுதான் அங்கிட்டு இங்கிட்டு பார்த்துட்டு வெளிய கிளம்புவாரு. மூணு லிட்டர் கெட்டித் தயிருக்கு பத்து லிட்டர் தண்ணி வரைக்கும் தாங்கும். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லியை நறுக்கிப் போடாம அரைச்சு வடிகட்டி கலக்குங்க, வயசானவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் தொண்டையில சிக்காது. பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாவே இருக்கட்டும்.

பானகம் அழகருக்கும் உண்டு, அன்னைக்கு ரோட்டுல பந்தல் பந்தலா போட்டு ஊத்துறாங்க, ஆனா வீட்டுப் பானகம் ருசியே வேற. ரெண்டு கிலோ வெல்லத்துக்கு பத்து லிட்டர் தண்ணி, அது 200 மில்லி டம்ளர்ல 50 டம்ளர் வரும். வெல்லத்தைக் கரைச்சு கண்டிப்பா துணியில வடிகட்டணும், மண்ணு இருக்கும். சுக்கை இடிச்சுப் போடுங்க, கடையில விக்கிற தூள் வேணாம், இடிச்ச சுக்குல இருக்குற காரம் தூள்ல இல்ல. ஏலக்காய், பத்துப் பன்னெண்டு எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, துளசி, பச்சைக் கற்பூரம் ரெண்டு கடுகு அளவு, அதுக்கு மேல போட்டா மருந்து வாசம் அடிச்சுடும். சாமிக்கு ஏத்துற சூடம் வேற, இது வேற, கடையில சாப்பிடுற பச்சைக் கற்பூரம்னே கேட்டு வாங்குங்க.

ஐஸ் விஷயத்துல கவனமா இருக்கணும். பார் ஐஸ் மீன் ஏத்துறதுக்குப் போடுறது, குடிக்கிற தண்ணியில செஞ்சதுன்னு சொல்ல முடியாது, அதை பாட்டிலைச் சுத்திப் போட மட்டும் வச்சுக்கலாம், டம்ளருக்குள்ள போடவே கூடாது. நாங்க முந்தின ரெண்டு நாளா பானகத்தையும் நன்னாரி எலுமிச்சையையும் ஐஸ் தட்டுல ஊத்தி கட்டி கட்டியா உறைய வச்சு ஒரு டப்பா நிறைய சேர்த்துட்டோம், அதைப் போட்டா கரைஞ்சாலும் தண்ணியா போகாது. மத்தபடி மண்பானைதான், ஈரத்துணியைச் சுத்தி மணல்ல வச்சோம், சித்திரை வெயிலுக்கும் ஜில்லுன்னு இருந்துச்சு.

பதநீர் வைக்கலாமான்னு கேட்டாங்க. சீசன்தான், எனக்கும் உசிரு. ஆனா பதநீர் காலையில குடிக்கிற சமாச்சாரம், சுண்ணாம்பு தடவின கலயத்துல இறக்கினாதான் அது பதநீர், சுண்ணாம்பு பத்தாம போனா புளிச்சு கள்ளாயிடும். நம்ம ஊர்ல 1987ல இருந்து கள்ளு இறக்கத் தடை இருக்குங்கிறது ஒரு பக்கம், விட்டுட்டு வந்த மனுசன் உட்கார்ந்திருக்குற எடத்துல புளிச்ச வாசம் வரவே கூடாதுங்கிறது என் கவலை. அதே காரணத்துக்காகத்தான் இந்த ஜீரோ பீரையும் வேணாம்னு சொல்லிட்டேன். எங்க நாத்தனார் மகன் பெங்களூர்ல வேலை பார்க்குறான், நல்ல மனசோட ஒரு பெட்டி வாங்கிட்டு வரட்டுமா அத்தை, ஆல்கஹாலே கிடையாதுன்னு கேட்டான். கொழுந்தனாரோட கவுன்சிலர்கிட்டயே கேட்டோம், அதே பாட்டில், அதே நுரை, அதே வாசனை, மூளைக்கு அது போதும் ஆசையைக் கிளப்ப, இப்போதைக்கு வேணாம்னாங்க. மத்த வீட்டுல அது சரியா இருக்கலாம், ஒருத்தர் மீண்டு வந்துட்டு இருக்குற வீட்டுல வேணாம். சின்ன கிளாஸ்ல கலர் கலரா ஊத்தி "மாப்ள, இது ஸ்காட்ச்"னு விளையாடுறதும் வேணாம்னு பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சேன். எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர். 2019ல இருந்து பிளாஸ்டிக் கப்பும் பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் தடைதான், அதைத் தவிர எவர்சில்வர்ல பேர் வெட்டியிருக்கும்ல, "இது உங்க கல்யாணத்துக்கு வந்த டம்ளரு, இது என் காதுகுத்துக்கு வந்தது"ன்னு அதை வச்சே அரைமணி நேரம் பேச்சு ஓடுச்சு.

சாப்பாடு பத்தி. மத்தியானம் எல்லாரும் வயிறு முட்ட சாப்பிட்டிருப்பாங்க, ராத்திரியும் இலை போட்டு சோறு போட்டா பாதி பேர் பத்து மணிக்கே குறட்டை, மீதிப்பேர் வெளிய. அதனால கொறிக்கிறதுதான், ஆனா விடாம வந்துக்கிட்டே இருக்கணும். குடிக்கிறவங்களுக்கு சைடிஷ் பாதி சந்தோஷம், அந்த சந்தோஷத்தை ஏன் பாட்டிலோட சேர்த்து எடுத்துப் போடணும்? மாங்காயைக் கீத்து போட்டு உப்பு மிளகாய்த்தூள், வெள்ளரிப்பிஞ்சு, நுங்கு, கறுப்புக் கொண்டக்கடலை சுண்டல், வறுத்த வேர்க்கடலையில வெங்காயம் தக்காளி எலுமிச்சை போட்டு பிரட்டினது, காளான் மிளகு வறுவல், முறுக்கு. சுண்டல்ல தேங்காயும் மாங்காயும் பரிமாறும்போதுதான் கலக்கணும், முன்னாடியே கலந்தா அந்தப் புழுக்கத்துக்கு ரெண்டு மணி நேரத்துல ஊசிப்போன வாசம் வந்துடும். சாமிக்குப் போற ராத்திரிங்கிறதால எல்லாம் சைவம்தான்.

நான் எல்லாருக்கும் அழுத்திச் சொல்றது பத்து மணியில இருந்து பன்னெண்டு மணிக்குள்ள இருக்குற நேரத்தைப் பத்தி. அதுவரைக்கும் வந்தவங்களை விசாரிக்கிறது, எதிர்சேவை பார்த்துட்டு வர்றதுன்னு நேரம் ஓடிடும், அதுக்கப்புறம்தான் ஆம்பளைங்களுக்கு கை அரிக்கும், வண்டிச் சாவியைத் தேடுவாங்க. சரியா அந்த நேரத்துக்கு மாடியிலயே அடுப்பைப் பத்த வச்சோம். சின்ன சிலிண்டர், ரெண்டு பணியாரக் கல்லு, காரக் குழிப்பணியாரம், கடுகு உளுந்து வெங்காயம் பச்சை மிளகாய் தாளிச்சுப் போட்ட மாவு. நல்லெண்ணெய் குழியில ஊத்துற சத்தமும் அந்த வாசனையும் மாடி முழுக்க போச்சு, தொட்டிக்குப் பின்னாடி போக எழுந்த ரெண்டு பேர் அப்படியே அடுப்புகிட்ட வந்து குந்திட்டாங்க. சுடச்சுட திருப்பித் திருப்பி எடுத்து மிளகாய்ச் சட்னியோட கையில குடுத்தா, உரைப்புக்கு உடனே சோடா கேட்பாங்க, சோடா குடிச்சா மறுபடி பணியாரம், இப்படியே பன்னெண்டரை ஆயிடுச்சு. கல்லைப் பிடிச்சது யாருன்னா எங்க பெரியப்பா மகன், வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிக்காத அண்ணன், நான் சுடுறேன் நகருங்கன்னு வாங்கிட்டாரு. வேலை குடுங்க, ஆம்பளைங்களுக்கு ஏதாவது ஒரு வேலை குடுங்க, சும்மா உட்கார வச்சு பரிமாறினா விருந்தாளி, அடுப்பை ஒப்படைச்சா அவரு வீட்டு ஆளு. சோடா உடைக்கிற வேலையை கொழுந்தனார் தானாவே எடுத்துக்கிட்டாரு. கட்டை விரல்ல கோலியை அமுக்கி, சத்தம் வந்ததும் டம்ளரைச் சாய்ச்சு நுரை வழியாம ஊத்துறது, சின்னப் பிள்ளைங்க வரிசையா நின்னு சித்தப்பா எனக்கு சித்தப்பா எனக்குன்னு, அத்தை ஓரமா உட்கார்ந்து அதையேதான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

ஜிகர்தண்டா பன்னெண்டு மணிக்கு மேல, சின்ன டம்ளர்ல. அஞ்சு லிட்டர் பாலை மூணு லிட்டரா சுண்டக் காய்ச்சி ஆற வச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுடணும், பாதாம் பிசினை முந்தின ராத்திரியே ஊறப் போடணும், 50 கிராம் போட்டா பெரிய பாத்திரம் நிறைய உப்பிடும், அதுக்கு மேல போடாதீங்க. அடியில பிசின், நன்னாரி சர்பத், பால், மேல ஐஸ்கிரீம். பருத்திப்பால் மட்டும் நாங்க வீட்டுல பண்றதில்ல, பருத்தி விதையை ஊற வச்சு ஆட்டிப் பால் பிழிஞ்சு அரிசி மாவு கருப்பட்டி சுக்கு போட்டு அடி பிடிக்காம காய்ச்சுறது தனிக் கலை, வண்டிக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி பெரிய தூக்குவாளியில வாங்கிட்டோம். ரெண்டு மணிக்கு சூடா அதைக் குடிச்சா ஆத்துக்கு நடக்க தெம்பு வந்துடும்.

சுகர் இருக்குறவங்களை மறந்துடாதீங்க, 40 பேர் கூடினா நிச்சயம் சில பேர் இருப்பாங்க. வெல்லம் கருப்பட்டி நல்லதுதானேன்னு பானகத்தை மூணு டம்ளர் குடிப்பாங்க, அதுவும் சுகரை ஏத்தத்தான் செய்யும். அவங்களுக்கு மோர், இனிப்பில்லாத இஞ்சி சோடா, சர்க்கரை போடாத சுக்குமல்லிக் காபி ஒரு ஃபிளாஸ்க். டம்ளரை வாங்கிப் பிடுங்கற மாதிரி செய்யாம முதல்லயே அவங்க பக்கத்துல கொண்டு போய் வச்சுட்டா போதும்.

பொம்பளைங்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாத்தையும் மாடிக்கு ஏத்தினதால நாங்களும் மாடியில உட்கார்ந்தோம். எங்க ஓரகத்தியும் நானும் கால் நீட்டி உட்கார்ந்து நிலாவைப் பார்த்துக்கிட்டு கதை பேசினது அந்த வீட்டுல அதுதான் முதல் தடவை, பௌர்ணமி வேற. அழகருக்குன்னு சர்க்கரை நிரப்பி எடுத்துட்டுப் போற சர்க்கரைச் செம்பை அலங்கரிக்கிறது, வாழை இலையால மூடி நூல் கட்டுறதெல்லாம் முன்ன அடுப்படி ஓரத்துல அவசர அவசரமா நடக்கும், அன்னைக்கு எல்லாரும் சுத்தி உட்கார்ந்து செஞ்சோம், ஆம்பளைங்களும் இருந்தாங்க, ஒருத்தரும் எங்கயும் போகல. அழகர் என்ன கலர் பட்டு உடுத்தி இறங்குவாரு, பச்சைன்னா இந்த வருஷம் செழிப்புன்னு அத்தை சொல்ல, ஆளாளுக்கு ஒரு கலர் சொல்லி சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாங்க.

யாராவது குடிச்சுட்டே வந்துட்டா என்ன பண்றதுன்னு கேட்பீங்க. வந்தாரு ஒருத்தர், தூரத்து மாமா, ராத்திரி பதினொண்ணு இருக்கும். வாசல்ல வச்சு யாரும் எதுவும் கேட்கல. எங்க வீட்டுக்காரரு கீழ ரூம்ல உட்கார வச்சு, இட்லி குடுத்து, ஃபேனைப் போட்டு படுக்க வச்சாரு, மாடிக்கு விடல. முதல் வேலையா வண்டிச் சாவியை வாங்கி அத்தைகிட்ட குடுத்துட்டாரு, அத்தைகிட்ட போய் கேட்கற தைரியம் யாருக்கும் கிடையாது. மோரைக் குடு, எலுமிச்சையைக் குடு, இறங்கிடும்னு பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க, அதெல்லாம் போதையை இறக்காது, காபியும் இறக்காது, உடம்பு தானா நேரம் எடுத்துத்தான் கழிக்கணும். தண்ணி குடுக்கலாம், ஒருக்களிச்சுப் படுக்க வைக்கலாம், வாந்தி வந்தா மூச்சுல ஏறாது, எழுப்பினா எழுந்திருக்காத மாதிரி இருந்தா உடனே 108க்கு அடிங்க. திருவிழா ராத்திரி ரோட்டுல பிள்ளைகுட்டியோட லட்சக்கணக்கான ஜனம் நடந்து போகுது, குடிச்சுட்டு ஓட்டினா 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம்ங்கிறதை விட அந்த ஜனம்தான் எனக்கு பயம். மாமா காலையில எட்டு மணிக்கு எழுந்து குளிச்சாரு, மிச்சம் இருந்த பானகத்தை ரெண்டு டம்ளர் குடிச்சாரு, அத்தை சாவியைக் குடுத்தாங்க, அழகரைப் பார்த்துட்டு ஊருக்குப் போனாரு.